விரலில் 98

பையிலிருந்து பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்து அம்மாவின் ஆள்காட்டி விரலில் மாட்டினார் மகன். எண் ஏறி இறங்கி ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 98.

"ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு டாக்டர்? அப்புறம் எதுக்கு ரத்தம் ஏத்தணும்?"

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்குமுன் அம்மாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. என் மேசையில் இருந்த தாளில் ஹீமோகுளோபின் 7.8 என்று இருந்தது. அந்த எண்ணும் சரி, விரலில் தெரிந்த எண்ணும் சரி. இரண்டும் எப்படி ஒரே உடம்பில் ஒன்றாக இருக்க முடியும் என்பதை ஒரு வாரம் முன்பே நான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தத் தவறிலிருந்துதான் இந்த நிகழ்வை எழுத ஆரம்பிக்கிறேன். நோயாளி யாரென்று தெரியாமலிருக்கச் சில சொந்த விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

61 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே கரும்புக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் டோங்காட்டைச் சேர்ந்தவர். மூன்று பிள்ளைகள். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை. புகைப்பழக்கம் இல்லை. எச்.ஐ.வி. இல்லை, தென்னாப்பிரிக்காவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் அந்தப் பரிசோதனையை விடவே முடியாது. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேலானவருக்கு 2021 ஆகஸ்டிலிருந்து ரத்தம் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கணவர் 2021 ஜனவரியில், கோவிட் இரண்டாம் அலையில் இறந்துபோயிருந்தார். "வூட்ல ஒரு சாவு போதும்னு கம்முனு இருந்துட்டேன் தம்பி" என்றார்.

இந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானது. நான் ஆற்காட்டுப் பக்கத்துக்காரன். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து வந்த முதல் கப்பலைத் தொடர்ந்து, இந்த நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறையப் பேர். இந்த அம்மாவின் "இன்னா" என் பாட்டியின் "இன்னா"தான். அவருடைய பேரப்பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லைத் தவிர அவர்களுக்குத் தமிழ் அவ்வளவாக வராது.

பரிசோதனையில் கருப்பை வாய் முழுவதையும் அடைத்துக்கொண்டு, தொட்டாலே ரத்தம் கசியும் கட்டி. பயாப்ஸியில் செதிள் செல் புற்று. எம்.ஆர்.ஐ.யில் 5.6 சென்டிமீட்டர், பக்கத்துத் திசுக்களுக்குப் பரவியிருந்தது, இடுப்பெலும்புச் சுவரைத் தொடவில்லை. இரண்டாம் நிலை, பி பிரிவு. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. வெளியிலிருந்து கதிர்வீச்சு 25 தவணைகளில் 50 கிரே (கதிரை அளக்கும் அலகு), வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்து, கடைசியில் கருப்பை வழியாக உள்கதிர்ச் சிகிச்சை நான்கு முறை என்று திட்டம் போட்டோம். கதிர் வைப்பதைத்தான் ஊரில் நாம் "கரண்ட் வைக்கிறது" என்போம். இந்த அம்மாவுக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது.

சொன்னதும் புரிந்துகொண்டதும்

2022 மார்ச் 8ஆம் தேதி, முதல் சந்திப்பில், நேரமில்லாத அவசரத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: "இந்த மாதிரிக் கட்டிக்குள்ள ஆக்சிஜன் கம்மியா இருக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்துல கரண்ட் சரியா வேலை செய்யாது. ரத்தம் ஏத்திட்டு ஆரம்பிப்போம்."

மகன் வீட்டுக்குப் போனதும் பரணில் இருந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை, அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினை, இறக்கியிருக்கிறார். அப்பாவுக்காகக் கடன் பட்டு வாங்கியது. நிமிடத்துக்கு 5 லிட்டர் வைத்து, ராத்திரி பகலாக அம்மாவின் மூக்கில் குழாய். ஆக்சிமீட்டர் 97, 98 காட்டியது. ஆக்சிஜன் ஏறிவிட்டது, இனி ரத்தம் வேண்டாம் என்று வீட்டில் முடிவு. யாரோ ஒருவரின் ரத்தத்தை ஏற்றிக்கொள்ள அம்மாவுக்கும் மனமில்லை. இப்படி ஒரு வாரம் போயிற்று.

எங்கள் பிரிவின் நர்ஸ், அவரும் தமிழ் வம்சாவளிதான், வேறொன்றைக் கேட்டார்: "அந்த மெஷினை எங்க வச்சிருக்கீங்க?" பூஜை மாடத்துக்குப் பக்கத்தில். சாயங்காலமானால் அங்கே காமாட்சி விளக்கு எரியும், வெள்ளிக்கிழமை கற்பூரம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆக்சிஜன் கசியும் இடத்தில் சின்னச் சுடரும் பெரிய தீயாகும். புற்றுநோயைப் பற்றிப் பேசுவதற்கு முன் அன்று மெஷினை அணைக்கச் சொன்னோம்.

சரி, 98 எதைச் சொல்கிறது? ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எவ்வளவு ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பதை மட்டும். இங்கே ஊருக்குள் ஓடும் மினிபஸ் டாக்ஸிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வண்டியெல்லாம் நிரம்பி வழிகிறது என்று ஆக்சிமீட்டர் சொல்லும். மொத்தம் எத்தனை வண்டி ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது.

மகனுக்குத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி ரத்தத்தில் 7.8 கிராம், அதில் 98 சதவீதம் நிறைந்தால் ஏறக்குறைய 10.2 மில்லி. ஹீமோகுளோபின் 13 இருக்கும் பெண்ணுக்கு அதே 98 சதவீதத்தில் 17 மில்லி. வீட்டு மெஷின் என்ன கூட்டும்? மிச்சமிருக்கும் இரண்டு சதவீதத்தை நிரப்பும், ரத்த நீரில் கொஞ்சம் கரையும். எல்லாம் சேர்த்து அரை மில்லி அளவுதான். மூன்று யூனிட் சிவப்பணு ஏற்றி ஹீமோகுளோபினை 10.6க்குக் கொண்டுவந்தால் 3.7 மில்லி கூடும். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மார்ச் 17, 18 தேதிகளில் மூன்று யூனிட் ஏற்றினோம்.

இது கணக்கின் பாதிதான். ரத்தம் வரை வந்த ஆக்சிஜன் கட்டிக்குள் போகிறதா என்பது மீதிப் பாதி.

தலைமடையும் கடைமடையும்

1955இல் லண்டனில் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றுத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு ஆதாரம். புற்றுச் செல்கள் ரத்தக்குழாய் இருக்கும் பக்கமாகக் கயிறு கயிறாக வளர்ந்திருந்தன. கயிறு தடிமனாக ஆக, குழாயிலிருந்து தள்ளியிருக்கும் நடுப்பகுதி செத்துக் கிடந்தது. உயிரோடு இருக்கும் வரம்பின் அகலம் கிட்டத்தட்ட மாறவே இல்லை: 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே. ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் போகும். வழியிலேயே செல்கள் அதைச் சாப்பிட்டுத் தீர்த்துவிடும். செத்த பகுதிக்கும் செழித்த பகுதிக்கும் நடுவில் ஒரு விளிம்பு உண்டு. அங்கே இருப்பவை சாகவும் இல்லை, சாப்பாடும் இல்லை. நமக்குத் தொல்லை கொடுப்பவை அந்தச் செல்கள்தான்.

கதிர்வீச்சு செல்லுக்குள் நுழையும்போது மரபணு இழையில் கீறல் விழுகிறது. பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்தக் கீறலோடு சேர்ந்து அதை நிரந்தரமாக்கிவிடும். இல்லையென்றால் செல் அதைச் சரிசெய்துகொண்டு தப்பிக்கும். ஆக்சிஜன் அறவே இல்லாத செல்லைக் கொல்ல, நிறைய இருக்கும் செல்லுக்கு வேண்டியதைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும். ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் வெறும் 3 மி.மீ. பாதரசம் இருந்தாலே இந்த வித்தியாசத்தில் பாதி போய்விடும். 20க்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நல்ல கருப்பை வாய்த் திசுவில் சராசரி 40ஐ ஒட்டி இருக்கும், புற்றில் 10ஐ ஒட்டி. 1990களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ஹோக்கெல் குழுவினர் நூல் போன்ற மின்முனை ஊசியைக் கட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அளந்து பார்த்தார்கள். 10க்குக் கீழே இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகமாக இருந்தது. அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களிலும் அப்படியே. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வாழப் பழகிய செல் கதிருக்கு மட்டும் அடங்காததல்ல, பரவுவதிலும் கெட்டிக்காரன். செல் எப்படி ஆக்சிஜன் குறைவை உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்கிறது என்று கண்டவர்களுக்குத்தான் 2019இல் மருத்துவ நோபல் போனது.

மகனுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. வாய்க்கால் கதையைச் சொன்னேன். ஊரில் ஏரித் தண்ணீர் திறந்துவிட்டால் முதலில் தலைமடை வயல்காரன் பாய்ச்சிக்கொள்வான். கடைமடைக்காரன் வரப்பில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். மதகை இன்னும் கொஞ்சம் தூக்கினால் கடைமடைக்கு வந்துவிடுமா? பெரும்பாலும் வராது, தலைமடைக்காரன் இன்னும் ஒரு வயலுக்குத் திருப்பிக்கொள்வான். தலைமடையில் அறுப்பு முடியட்டும், அங்கே தண்ணீர் வேண்டாமென்று ஆகட்டும், அப்போது அதே தண்ணீர் தானாகக் கடைமடைக்குப் போகும்.

கதிர்ச் சிகிச்சையில் நடப்பதும் இதுதான். ஒவ்வொரு தவணையிலும் முதலில் சாவது குழாய்க்குப் பக்கத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும் செல்கள். அவை சாகச் சாக, சாப்பிடும் வாய்கள் குறைகின்றன. கட்டி சுருங்குகிறது, கயிறுகள் மெலிகின்றன, அழுத்தத்தில் மூடிக்கிடந்த சிறு குழாய்கள் திறக்கின்றன. நேற்று வரை எட்டாத செல்களுக்கு இன்று ஆக்சிஜன் எட்டுகிறது. நாளைக்கு வைக்கும் கரண்டுக்கு அவை இரையாகின்றன. இதற்கு மறு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் கால்மன் எலிகளின் கட்டிகளில் 1960களிலும் 70களிலும் இதைக் காட்டினார். ஒரு பெரிய டோஸ் வைத்த உடனே பிழைத்திருப்பதில் ஏறக்குறைய எல்லாமே ஆக்சிஜன் இல்லாத செல்கள்தான். சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அந்த விகிதம் பழைய நிலைக்கே இறங்கிவிடும். மொத்தத்தையும் ஒரே நாளில் வைக்காமல் ஐந்து வாரம் தினமும் கொஞ்சமாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதர்களில் இது அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. சிகிச்சை நடக்கும்போதே கருப்பை வாய்க் கட்டிகளில் ஊசி வைத்து அளந்தவர்கள் பலவிதமாகக் கண்டார்கள். ஆரம்பத்தில் மிகக் குறைவாக இருந்த கட்டிகளில் முதல் இரண்டு மூன்று வாரங்களில் ஏறியது. சிலவற்றில் ஏறவில்லை. ஆரம்பத்தில் நன்றாக இருந்த சிலவற்றில் இறங்கியும் போனது. போதாததற்குக் கட்டியின் குழாய்கள் நிமிடக் கணக்கில் அடைத்துக்கொண்டு மறுபடி திறக்கும். நேற்று வறண்ட மூலையில் இன்று தண்ணீர் நிற்கும். ஆகவே ஒரு நாள் எடுத்த ஓர் அளவை வைத்துக்கொண்டு இந்தக் கட்டியின் ஆக்சிஜன் இவ்வளவு என்று எழுதிவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தலை, கழுத்துப் புற்றில் ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தங்கும் கதிரியக்க ஃப்ளோரின் மருந்தைச் செலுத்தி, சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின் நடுவில் சில முறையும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தைவிட முதல் இரண்டு வாரத்தில் எடுத்த படமே நோயாளியின் போக்கை நன்றாகச் சொன்னது. நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் அதே வழியில், வைரஸால் வரும் தொண்டைப் புற்றில், ஆக்சிஜன் குறைவு மறைந்தவர்களுக்கு 70 கிரேக்குப் பதில் 30 கிரேயோடு நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள்.

எங்களிடம் அந்த ஸ்கேனும் இல்லை, ஊசியும் இல்லை. கையில் இருந்தவை வாரா வாரம் ஹீமோகுளோபின், விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை, ரத்தக் கசிவு, இரண்டு எம்.ஆர்.ஐ. இனி வரும் பகுதியில் ஆக்சிஜனைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இவற்றிலிருந்து ஊகித்ததே.

முதல் மூன்று வாரம்

மார்ச் 22, செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தோம். அன்றே முதல் சிஸ்பிளாட்டின். ஐந்தாம் தவணைக்குள் கசிவு குறைந்தது, பத்தாம் தவணையில் நின்றுவிட்டது. இது சின்ன விஷயமில்லை. கசிவு நிற்காமல் ரத்தம் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கிற கதை. ஹீமோகுளோபின் 10.6, 10.3, 10.1 என்று மெதுவாக இறங்கியது. சிஸ்பிளாட்டின் போனால் இறங்கத்தான் செய்யும்.

இந்த நேரத்தில் மகன் ஒரு நல்ல கேள்வி கேட்டார். அவருடைய மாமா டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், "ரத்தம் ஊற" ஊசி போடுகிறார்கள். அதை அம்மாவுக்கும் போட்டால் என்ன? எரித்ரோபொயட்டினைச் சொல்கிறார். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 2003இல் ஹென்கே என்பவர் தலைமையில் ஜெர்மனியிலிருந்து தலை, கழுத்துப் புற்றுக்கான ஆய்வு முடிவு வந்தது. ஊசி போட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் அழகாக ஏறியது. நோய் கட்டுப்படுவது மட்டும் போடாதவர்களைவிட மோசமாக இருந்தது. காகிதத்தில் எண் ஏறுவதும் கட்டிக்குள் ஆக்சிஜன் ஏறுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியாது. குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை நடக்கும்போது அந்த ஊசி வேண்டாம் என்றேன்.

ரத்தம் ஏற்றுவதற்கு மட்டும் பலமான ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை, நடுத்தரம்தான். 1999இல் வந்த கனடா ஆய்வு ஒன்று, கருப்பை வாய்ப் புற்றில் முதல் நாள் ஹீமோகுளோபினைவிடச் சிகிச்சை முழுவதும் இருந்த சராசரி ஹீமோகுளோபின்தான் முடிவோடு நெருங்கிப் போனது என்று காட்டியது. பழைய பதிவேடுகளைத் திருப்பிப் பார்த்தது அது. ரத்தம் ஏற்றியதால்தான் பிழைத்தார்கள் என்று அதை வைத்துச் சாதிக்க முடியாது. நான் 10க்குக் கீழே விடுவதில்லை, 12க்கு ஆசைப்படுவதும் இல்லை. ரத்த வங்கியில் ரத்தம் கொட்டிக் கிடக்கவில்லை.

மெட்ஃபார்மினைப் பற்றி ஒரு வார்த்தை. அது செல்களின் ஆக்சிஜன் செலவைக் குறைக்கும், அதாவது தலைமடைக்காரனின் வாயைக் கட்டும். டொராண்டோவில் இதே நோயில் சிறிய அளவில் சோதித்து, கட்டியில் ஆக்சிஜன் குறைந்த பகுதி சுருங்கியதாகக் கண்டார்கள். நுரையீரல் புற்றில் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. இந்த அம்மா சர்க்கரைக்காகச் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 8இல் தொட்டுப் பார்த்தபோது கட்டி பாதியாகக் குறைந்திருந்தது. 14 தவணைகள் முடிந்திருந்தன. எல்லாம் கணக்குப்படி போய்க்கொண்டிருந்தது.

வெள்ளம்

ஏப்ரல் 11, திங்கட்கிழமை. 15ஆம் தவணையை முடித்துக்கொண்டு மழையிலேயே வீட்டுக்குப் போனார். அன்று இரவும் மறுநாளும் க்வாஸூலு நேட்டாலில் என்ன நடந்தது என்று அப்போது செய்தி பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 400 பேருக்கு மேல் செத்தார்கள். டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை.

அம்மா 12, 13, 14 மூன்று நாளும் வரவில்லை. 15ஆம் தேதி புனித வெள்ளி. அன்றைக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மனுக்கு வேண்டுதல் வைத்திருந்தார். புனித வெள்ளியில் மாரியம்மன் விழாவா என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். தோட்டத்து முதலாளி விடுமுறை விட்ட நாள் எதுவோ அதுதான் அம்மனுக்கும் நாள். கோயிலுக்கும் போக முடியவில்லை. 18ஆம் தேதி அரசு விடுமுறை. திரும்பி வந்தது 19ஆம் தேதி. சிகிச்சையின் 21ஆம் நாளோடு நின்று, நடுவில் ஏழு நாள் வெறுமனே போயிருந்தது.

அன்றைய ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் 9.2. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 78இலிருந்து 131க்கு ஏறியிருந்தது. காரணம் கேட்டபோது மகன் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று வாளி தூக்கியது அம்மாதான். பேரப்பிள்ளைகளுக்கு மிச்சம் பிடிக்க வேண்டுமென்று தான் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். சிஸ்பிளாட்டின் போட்ட சிறுநீரகத்துக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம். 12ஆம் தேதிக்குரிய சிஸ்பிளாட்டின் வெள்ளத்தால் ஏற்கெனவே தவறிப்போயிருந்தது, 19ஆம் தேதியதையும் நிறுத்தினோம். இரண்டு நாள் சலைன், ஒன்றரை நாளில் இரண்டு யூனிட் ரத்தம். கிரியாட்டினின் இறங்கிய பிறகு 26ஆம் தேதி நான்காவது சிஸ்பிளாட்டின் கொடுத்தோம். ஐந்தாவது கொடுக்கவில்லை.

இந்த ஏழு நாள் கட்டிக்குள் என்ன செய்திருக்கும் என்று எங்கள் கூட்டத்தில் நெடுநேரம் பேசினோம். இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார்: "இடைவெளி விட்டா ஆக்சிஜன் இன்னும் நல்லா உள்ள போயிருக்குமே, அது நல்லதுதானே?" கேள்வி நியாயமானது. செத்த செல்கள் கரைந்து போக நேரம் கிடைத்திருக்கும், கடைமடைக்குத் தண்ணீர் போயிருக்கும். ஆனால் தண்ணீர் போன வயலில் பயிர் முளைக்கும். மூன்று வாரத்தை ஒட்டித்தான் பிழைத்த புற்றுச் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து விழுந்த இடைவெளி இது. ஆக்சிஜன் கிடைத்த செல்லை அடுத்த நாள் கதிர் வந்து கொன்றால் அந்த ஆக்சிஜன் நம் பக்கம். கதிர் வராவிட்டால் அது செல்லின் பக்கம். கருப்பை வாய்ப் புற்றில் மொத்தச் சிகிச்சையை எட்டு வாரத்துக்குள் முடிக்கச் சொல்வதும், அதற்குமேல் தள்ளும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஒரு சதவீதத்தை ஒட்டிக் குறையும் என்பதும் இந்தக் கணக்கில்தான்.

ஆகவே ஈடுகட்டினோம். 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்று, ஆறு மணி நேரம் விட்டு மாலை ஒன்று. நல்ல திசு தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த ஆறு மணி நேரம் கட்டாயம். 23 சனிக்கிழமை மெஷினை ஓட்ட ஆட்கள் விடுமுறையை விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் அப்போது இடுப்பளவு சேறு. சாலை எப்போது அடைபடும் என்று தெரியாததால் அம்மாவை வார்டிலேயே தங்க வைத்தோம். 27 மறுபடி விடுமுறை. 29ஆம் தேதி 25ஆம் தவணை. வெள்ளமே வராமல் இருந்திருந்தால் 28இல் முடிந்திருக்கும். ஏழு நாள் இடைவெளியில் ஒரே ஒரு நாள்தான் கைவிட்டுப் போனது.

உள்கதிரும் அதன் பிறகும்

எம்.ஆர்.ஐ.யில் மிச்சம் 2.1 சென்டிமீட்டர். மே 3, 6, 10, 13 தேதிகளில் கதிரியக்க இரிடியத்தை உள்ளே வைத்து 7 கிரே வீதம் நான்கு முறை. கதிர்மூலத்துக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் டோஸ் பல மடங்கு ஏறும் என்பதால், கட்டியின் நடுவில் ஆக்சிஜன் இல்லாமல் ஒளிந்திருக்கும் செல்களையும் அது முரட்டுத்தனமாகவே அடித்துவிடும். இந்த நோயில் உள்கதிரைத் தவிர்த்துவிட்டு வெளிக்கதிரை மட்டும் கூட்டிக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுவும் காரணம். மொத்தம் 90 கிரேக்குச் சமானமான டோஸ், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை 53 நாட்கள்.

மகன் கடைசிவரை விடாமல் கேட்ட ஒன்று உண்டு: ஆக்சிஜனை அழுத்தித் திணிக்க முடியாதா? திணித்திருக்கிறார்கள். 1955இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் நோயாளிகளை அழுத்த அறைக்குள் படுக்க வைத்து, சுற்றிலும் மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனை நிரப்பிக் கதிர் வைத்தார். உலகின் முதல் இதய மாற்று நடந்த நம் கேப் டவுன் க்ரூட்டே ஸ்கூரிலும் அப்படி அறை வைத்துச் சோதித்தார்கள். சில புற்றுகளில் பலனும் தெரிந்தது. ஆனால் குழாய்க்குள் அடைத்து வைத்து ஒரு தவணை முடிப்பதற்குள் பாதி நாள் போகும், அதனால் தவணைகளைக் குறைத்துப் பெரிது பெரிதாகக் கொடுத்தார்கள், நல்ல திசுவுக்குக் காயம் கூடியது. ஆக்சிஜனுக்குப் பதில் அதைப்போலவே கீறலில் ஒட்டிக்கொள்ளும் மாத்திரை நிமோரசோல். டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கிறார்கள், மற்ற நாடுகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கதையெல்லாம் கேட்டுவிட்டு மகன் சொன்னார்: "அப்போ தினமும் நேரத்துக்குக் கூட்டிட்டு வர்றதுதான் நான் குடுக்கிற ஆக்சிஜன்." நான் திருத்தவில்லை.

பதினொரு மாதம் கழித்து மலக்குடலில் லேசாக ரத்தக் கசிவு வந்தது. கதிரின் பக்கவிளைவுதான், மருந்திலேயே அடங்கியது. 2024 மே வரை, அதாவது இரண்டு வருடம், நோய் திரும்பிய அடையாளம் இல்லை.

முதல் மூன்று மாதப் பரிசோதனை 2022 ஆகஸ்ட் 12. ஆடி வெள்ளி. எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை. அம்மா ஃபிளாஸ்க்கில் மாரியம்மன் கஞ்சி கொண்டுவந்திருந்தார். லாரித் தண்ணீரில் காய்ச்சியது என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றினார். கான்சன்ட்ரேட்டர் எங்கே என்று கேட்டேன். பக்கத்துத் தெருவில் நுரையீரல் கெட்டுப்போன கிழவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், விளக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று சொல்லி.

கிளம்பும்போது மகன் பழக்கதோஷத்தில் ஆக்சிமீட்டரை எடுத்தார். அம்மா தானே விரலை நீட்டினார். எண் ஏறி இறங்கி நின்றது. 97. அன்றைய ஹீமோகுளோபின் 11.9.